குழவி நின்றது, உரல் சுற்றியது

ஆட்டாங்கல்லில் உரல் அசையாது, குழவிதான் சுற்றும். கிரைண்டரின் மூடியைத் திறந்து பாருங்கள்: அங்கே உரல் சுற்றுகிறது, குழவி இருந்த இடத்தை விட்டு நகராமல் நிற்கிறது. அடியில் ஓடும் உரலின் இழுப்பில் அது நின்ற இடத்திலேயே உருள்கிறதே தவிர, அதைப் பிடித்து யாரும் சுற்றுவதில்லை. தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் தோள்பட்டை செய்துவந்த வேலையை மோட்டாரிடம் ஒப்படைக்கக் கோயம்புத்தூர்ப் பட்டறைகள் கண்ட வழி இதுதான்.

இதில் என்ன பெரிய வித்தை என்று தோன்றலாம். கையால் மாவாட்டுகிறவரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) ஆட்டாங்கல் முன்னால் உட்காரும்போது ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டிக்கொள்வார். வலது கை குழவியின் தலையில் அடித்திருக்கும் கட்டைப் பிடியில் இருக்கும், இடது கை உரலின் விளிம்பில். குழவி ஒரு சுற்று வருவதற்குள், விளிம்பில் ஏறி நிற்கும் மாவை இடது கை குழிக்குள் தள்ளிவிட வேண்டும். குழவி திரும்பி வருவதற்குள் விரலை எடுத்துவிடவும் வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் விரல் நசுங்கும். வலது கையும் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்காது. முதலில் உடம்பின் பாரத்தையெல்லாம் இறக்கி அழுத்தும். உளுந்து மசிய மசிய அழுத்தத்தைக் குறைத்துச் சுற்றை அகலமாக்கும். நடுநடுவே இடது கை ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்கும். பதம் வந்ததா என்று பார்க்க, சிட்டிகை மாவை எடுத்து ஒரு கிண்ணம் தண்ணீரில் விடுவார். மிதந்தால் வழித்தெடுக்கலாம், மூழ்கினால் இன்னும் ஆட்ட வேண்டும். உளுந்து முடிந்ததும் அரிசி. பெரிய குடும்பத்துக்கு ஆட்டி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். பிறகு கல்லைக் கழுவி, கழுவிய தண்ணீரை மாட்டுத் தொட்டியில் ஊற்றிவிட்டுத்தான் அவர் எழுந்திருப்பார். எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்வார்.

அரைப்பது என்றால் நசுக்குவது மட்டும் அல்ல. உளுந்து மாவுக்குள் காற்று ஏற வேண்டும். உளுந்துக்கு ஒரு வழுவழுப்பு உண்டு. இரவில் மாவு புளிக்கும்போது லூகோனோஸ்டாக் போன்ற நுண்ணுயிரிகள் உண்டாக்கும் வாயுவைத் தப்ப விடாமல் பிடித்து வைப்பது அந்த வழுவழுப்புதான். மெதுவாக, சூடேறாமல், காற்றைச் சேர்த்துச் சேர்த்து அரைத்த உளுந்துதான் பொங்கும். கத்தியால் வெட்டினால் போதாது, கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் தேய வேண்டும்.

ஆகவே மோட்டாரைக் கொண்டுவந்து குழவியின் தலையில் மாட்டினால் வேலை முடிந்துவிடாது. கை செய்வது போலக் குழவியைச் சாய்த்து, அழுத்தி, வட்டமடிக்க வைப்பது இயந்திரத்துக்குப் பெரிய பாடு. உரலைச் சுற்றவிடுவது சுலபம். அதன் நடு அச்சு ஓரிடத்தில் நிற்கும், அடியில் ஒரு தண்டைக் கொடுத்து மோட்டாரோடு பெல்ட் போட்டு இணைத்துவிடலாம். குழவியைச் சட்டத்தில் மாட்டி உரலின் பக்கத்தோடு ஒட்டி நிற்கவைத்தால் வலது கை இனி வேண்டாம். விளிம்பை ஒட்டி அசையாத ஒரு பலகையை வைத்தால், சுற்றிவரும் மாவு அதில் மோதித் தானே உள்ளே விழும். மாவுதள்ளி என்று நாம் சொல்லும் அந்தச் சின்னப் பலகைதான் அம்மிச்சியின் இடது கை. கிரைண்டரில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் அதுதான். மோட்டார் வெளியிலிருந்து வந்தது, பெல்ட் வெளியிலிருந்து வந்தது. மாவுதள்ளியை மட்டும், ஒரு பெண் மாவாட்டுவதை உற்றுக் கவனித்த ஒருவரால்தான் யோசித்திருக்க முடியும்.

மாவரைக்கும் கிரைண்டரை 1955-இல் கோயம்புத்தூரில் முதலில் தொழிலாகச் செய்தவர் பி.சபாபதி என்று பதிவாகியிருக்கிறது. அவரைப் பார்த்து அடுத்தடுத்துப் பல பட்டறைகள் இறங்கின. மோட்டாரை மாற்றினார்கள், கல்லின் வடிவத்தை மாற்றினார்கள், சட்டத்தை மாற்றினார்கள். இன்று நம் வீட்டில் இருப்பது ஒருவர் கைவேலை அல்ல, ஓர் ஊரே சேர்ந்து செய்தது.

அந்த ஊர் ஏன் கோயம்புத்தூராக இருந்தது? இட்லி சென்னையிலும் உண்டு, மதுரையிலும் உண்டு, யாழ்ப்பாணத்திலும் மைசூரிலும் உண்டு. உளுந்து அரைக்கும் வழக்கம் எவ்வளவோ பழையது. பத்தாம் நூற்றாண்டுக் கன்னட நூலான வட்டாராதனையிலேயே இட்டலிகே என்ற பண்டம் வருகிறது. ஆயிரம் ஆண்டு கையால் நடந்த வேலைக்கு நொய்யல் கரையில் இயந்திரம் பிறந்ததென்றால் அதற்குக் காரணம் சோறு அல்ல, தண்ணீர்.

கோவைச் சீமை மழை குறைந்த மண். கிணறு ஆழமாகத்தான் கிடக்கும், கமலை கட்டி இறைத்துத்தான் வெள்ளாமை செய்தார்கள். 1932-இல் நீலகிரியின் பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் இறங்கி வந்தபோது இரண்டு காரியங்கள் நடந்தன. நூற்பாலைகள் பெருகின, கிணற்றுமேட்டில் மாட்டுக்குப் பதில் மோட்டார் ஏறியது. ஆரம்பத்தில் மோட்டார் வெளிநாட்டுச் சரக்கு. 1937-இல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் உள்ளூரிலேயே மோட்டார் செய்து காட்டினார்கள். பிறகு பீளமேட்டிலும் ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும் லேத் பட்டறையும் பவுண்டரியும் தெருவுக்குத் தெரு முளைத்தன. மில்லில் ஒரு பாகம் தேய்ந்தால் சீமையிலிருந்து வரும்வரை காத்திருக்காமல், இங்கேயே வார்த்துக் கடைந்து மாட்டினார்கள். 1950-களில் கோயம்புத்தூரில் மோட்டார் சுற்றத் தெரிந்தவரும் வார்ப்படம் ஊற்றத் தெரிந்தவரும் சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இருந்தார்கள். கல் வேண்டுமென்றால், வெண்ணெய்க்குப் பெயர்போன ஊத்துக்குளி பக்கத்தில் கருங்கல்லும் கிடைத்தது. தண்ணீர் இறைக்கப் பிறந்த தொழில்தான் சமையலறைக்குள் வந்து மாவாட்டியது.

1955-இல் செய்தார்கள் என்றால் 1956-இல் எல்லார் வீட்டிலும் வந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. ஊர்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் அன்று விளக்குக்கே மின்சாரம் இல்லை. மாநில மின்வாரியம் அமைந்ததே 1957-இல். கிரைண்டர் முதலில் ஏறியது ஓட்டல்களிலும் வசதியுள்ள வீடுகளிலும்தான். ஓட்டலில் விடிய விடிய மாவாட்டியவர்கள் ஆண்கள். கூலிக்குச் செய்யும்போது ஆணின் வேலை, வீட்டில் செய்யும்போது பெண்ணின் வேலை என்ற பழைய கணக்கு இந்தக் கல்லிலும் இருந்தது. கூலி கொடுத்த இடத்துக்கு இயந்திரம் முதலில் வந்தது. கூலி இல்லாமல் நடந்த பெரும்பாலான வீடுகளுக்கு வர இன்னும் இருபது, முப்பது ஆண்டுகள் ஆயின.

இடையில் 1960-களில் பம்பாயில் பிறந்த மிக்சி வந்தது. மாத்தூர் என்ற பொறியாளர் செய்த சுமீத் மிக்சி தேங்காய்ச் சட்னியையும் மசாலாவையும் அம்மியிடமிருந்து வாங்கிக்கொண்டது. மாவை மட்டும் அதனால் வாங்க முடியவில்லை. நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றுச் சுற்றும் கத்தியில் உளுந்து சூடேறிவிடும். ஐஸ் தண்ணீர் விட்டு அரையுங்கள் என்று இன்றும் சொல்வது அதனால்தான். நூற்றுச் சொச்சம் சுற்றில் நிதானமாக ஓடும் கல்லுக்கு ஈடு வரவில்லை.

எங்கள் பக்கத்தில் கிரைண்டர் வீட்டுக்குள் நுழையுமுன் தெருவுக்கு வந்தது. 'இங்கு மாவு அரைத்துத் தரப்படும்' என்ற பலகையை அந்தக் காலத்துத் தெருக்களில் வளர்ந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முன்னறையில் ஒரு பெரிய கிரைண்டர், மூலையில் ஒரு டிரம்மில் தண்ணீர், சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிய கணக்கு. படிக்கு இவ்வளவு என்று கூலி. நடத்தியவர் அநேகமாக ஒரு பெண்தான்: கணவரை இழந்தவர், அல்லது மில் மூடிக் கணவருக்கு வேலை போன வீட்டுக்காரி. அதே கல்லையும் அதே வேலையையும் வைத்துக்கொண்டு, வாழ்நாளில் முதல்முறையாகக் கூலி வாங்கிய பெண் அவர். 1989-இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பிறகு மாநிலமெங்கும் பரவியபோது, கடன் எடுத்து என்ன தொழில் செய்வது என்று கேட்ட பல பெண்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஒரு கிரைண்டர்தான்.

அந்த முன்னறைக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. ஆட்டாங்கல் அதுவரை ஒரு வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடந்தது. எந்த வீட்டுக் கல், யார் தொட்ட கல், எந்த நாளில் எந்தப் பெண் தொடக் கூடாது என்ற விதிகளெல்லாம் அதைச் சுற்றி இருந்தன. கிரைண்டர் வீட்டில் ஒரே கல்லில் எல்லா வீட்டு மாவும் ஓடியது. தொடக்கத்தில் எங்கள் தெருவிலேயே சிலர் விடிகாலையில், வேறு யார் மாவும் விழுவதற்கு முன் தங்களுடையதை அரைத்துவிட வேண்டும் என்று வருவார்கள். கல்லைக் கழுவத் தங்கள் வீட்டுத் தண்ணீரையே குடத்தில் கொண்டுவருவார்கள். கூட்டம் சேர்ந்தது, வரிசை நீண்டது, விடிகாலை போதவில்லை. மதியமானால் யாருக்கு முன் யார் என்பது வாளி வைத்த வரிசைதான். யாரும் யாருக்கும் போதிக்கவில்லை, யாரும் மனம் திருந்தினேன் என்று சொல்லவும் இல்லை. சாயங்காலம் இட்லி ஊற்ற மாவு வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு விதி தளர்ந்தது. சாதி அதனால் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அது எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று நமக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு கல்லில் அது தோற்றது, அதை நான் பார்த்தேன்.

பிறகு கிரைண்டர் வீட்டுக்குள் வந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கிரைண்டரை நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். வந்த அன்று கல்லின் மண் போக வேண்டும் என்று தவிட்டையும் பழைய அரிசியையும் போட்டு மறுபடி மறுபடி ஓட்டினார்கள். அம்மிச்சி திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார், எழுந்து வந்து பார்க்கவே இல்லை.

“வந்து பாருங்கம்மா, எவ்வளவு வெண்ணெயாட்டம் அரையுது” என்று அம்மா கூப்பிட்டார்.

“அரையட்டும் கண்ணு. நாளைக்கு இட்லியத் தின்னு போட்டுச் சொல்றன்.”

மறுநாள் இட்லியைப் பிட்டுப் பார்த்தார், தின்றார், ஒன்றும் சொல்லாமல் இன்னும் இரண்டு கேட்டு வாங்கிக்கொண்டார். கையில் ஆட்டிய ருசி இல்லை என்று அதன் பிறகு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த வீட்டில் ஆட்டாங்கல் முன்னால் அவர் மறுபடி உட்கார்ந்ததில்லை. கையில் ஆட்டிய ருசியைப் பற்றி உருகிப் பேசுகிறவர்களைக் காணும்போதெல்லாம், அந்த ருசியை ஆட்டியவர்களிடம் கேட்டிருக்கிறார்களா என்று எனக்குக் கேட்கத் தோன்றும். ஆட்டியவர்கள் விட்டுவிட்டுத்தான் எழுந்தார்கள்.

இந்தக் கதையில் பலரும் கவனிக்காத ஒன்று இனிமேல்தான் வருகிறது. அம்மிச்சியின் வீட்டில் இட்லி என்பது தினப்படி பலகாரம் அல்ல. காலையில் கம்பங்கூழ், சோளச் சோறு, ராகிக் களி, இல்லாவிட்டால் பழைய சோறு. இட்லியும் தோசையும் தீபாவளிக்கு, ஆடி நோம்பிக்கு, மருமகன் விருந்துக்கு வரும்போது. தீபாவளி விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு இட்லிக்காகக் காத்திருந்த கதையைக் கொங்கு நாட்டில் மட்டுமல்ல, தமிழ்நாட்டின் எந்த மூலையிலும் அறுபது எழுபது வயதுக்காரர்களிடம் கேட்கலாம். அரிசியும் உளுந்தும் விலை கூடிய சரக்கு என்பது ஒரு காரணம். ஒரு மணி நேரம் ஆட்ட வேண்டும் என்பது இன்னொன்று. காட்டு வேலைக்குப் போய்விட்டு வரும் பெண் தினமும் அதைச் செய்ய முடியாது.

கிரைண்டர் வந்ததும் அந்தத் தடை நீங்கியது. பக்கத்தில் பிரிட்ஜும் வந்துவிட்டதால் ஒரு நாள் அரைத்தால் நாலைந்து நாள் தாங்கியது. பண்டிகைப் பலகாரம் அன்றாட உணவானது. காலையில் இட்லி, இரவில் தோசை, மூன்றாம் நாள் புளித்த மாவில் ஊத்தப்பம், நான்காம் நாள் பணியாரம். தமிழ்நாடு என்றாலே இட்லி தோசை என்று ஆனது, ஊர்நாட்டைப் பொறுத்தவரை, கடந்த நாற்பது, ஐம்பது ஆண்டுக்குள் நடந்த காரியம். அதோடு கம்பும் சோளமும் காலை உணவிலிருந்து இறங்கின. இன்று சிறுதானியம் என்று பொட்டலம் போட்டு விற்பதை அப்போது ஏழைக் கஞ்சி என்று ஒதுக்கினோம்.

அம்மாவுக்கு இதனால் வேலை குறைந்ததா? தோள்வலி குறைந்தது, அதை நூறு முறை சொல்வேன். ஆனால் அம்மிச்சி பண்டிகைக்குப் பண்டிகை ஆட்டியதை அம்மா வாரத்துக்கு இரண்டு முறை அரைத்தார். ஊறப்போடுவது, கழுவுவது, அரைக்கும்போது ஓடிவந்து தண்ணீர் தெளிப்பது, குழவியைத் தூக்கி வைப்பது, மாவை வழிப்பது, கல்லைக் கழுவுவது, சட்டத்தைத் துடைப்பது, காலையில் ஊற்றுவது, சட்னி அரைப்பது. இவற்றில் எதையும் மோட்டார் செய்யவில்லை. இயந்திரம் கொடுத்த நேரத்தை இட்லி எடுத்துக்கொண்டது. வீட்டில் இருந்த ஆண்களாகிய நாங்கள், கிரைண்டர் வந்துவிட்டதே, இனி தினமும் இட்லி ஊற்றலாமே என்று கேட்டோமே தவிர, சுவிட்சைப் போடுவது சுலபமாகிவிட்டதே, இனி நாங்கள் அரைக்கிறோம் என்று சொல்லவில்லை. உடம்புப் பலம் தேவைப்பட்ட வேலையைப் பெண்கள் செய்தார்கள். பலம் தேவையில்லாமல் போன பிறகும் பெண்களே செய்தார்கள். சமையலறையில் கல் மாறியது, முறை மாறவில்லை.

கல்யாணச் சந்தையிலும் கிரைண்டர் இடம்பிடித்தது. கட்டில், பீரோ, மிக்சி, கிரைண்டர் என்று சீர்வரிசைப் பட்டியலில் ஏறிப் பெண்ணைப் பெற்றவர்களின் பாரத்தைக் கூட்டியது. அதே கல்யாண மண்டபத்தில் மணமேடையருகே ஓர் அம்மியும் இருக்கும். அம்மி மிதித்து அருந்ததி பார்க்க வேண்டுமே. வீட்டில் அம்மியே இல்லாத பெண், அதில் ஒருநாளும் ஒரு மிளகாய்கூட அரைத்திராத பெண், மண்டபத்துக்காரர் வைத்திருக்கும் அந்தச் சின்னக் கல்லின்மேல் கால் வைக்கிறாள். கருவி சமையலறையை விட்டுப் போய்விட்டது, சடங்கில் தங்கிவிட்டது. “அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ” என்று உளியும் சுத்தியுமாகத் தெருவில் கூவிக்கொண்டு போன தொழிலாளிகளின் குரல் எங்கும் கேட்பதில்லை. அவர்கள் பிழைப்பு என்ன ஆனது என்று அன்று நாம் யாரும் கேட்கவில்லை.

கோவைப் பட்டறைகள் சும்மா இருக்கவில்லை. மாவை வழிக்கக் குனிந்து குனிந்து இடுப்பு போகிறது என்றதும், உரலையே கவிழ்த்து மாவைச் சாய்க்கும் டில்டிங் கிரைண்டர் வந்தது. குழவி கனக்கிறது என்றதும், மேடைமேல் வைக்கும் டேபிள்டாப் வந்தது. அதில் ஒற்றைக் குழவிக்குப் பதில் இரண்டு மூன்று சின்னக் கல் உருளைகள், எவர்சில்வர் டிரம், அடியில் மட்டும் வட்டக் கல். ஒருவர் தூக்கி மேடையில் வைக்கலாம், உருளையைப் பிரித்துக் குழாயடியில் கழுவலாம். 2005-06-இல் 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடு பெற்றது. காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்த அதே மரியாதை ஒரு சமையலறை இயந்திரத்துக்கும் கிடைத்ததில் எனக்குப் பெருமை உண்டு. 2015 வாக்கில் கோவையில் 700-க்கு மேற்பட்டோர் இதைத் தயாரித்தார்கள். நாட்டில் மாதம் 1 லட்சம் கிரைண்டர் செய்தால் அதில் 75,000 இங்கிருந்து போனது.

கிரைண்டரின் பயணத்தில் 2011 ஒரு பெரிய ஆண்டு. சட்டமன்றத் தேர்தலில் மிக்சி அல்லது கிரைண்டர் தருவதாக தி.மு.க. சொன்னது, மின்விசிறியும் சேர்த்து மூன்றையும் தருவதாக அ.தி.மு.க. சொன்னது. ஜெயலலிதா ஆட்சிக்கு வந்து அந்த ஆண்டு செப்டம்பர் 15-இல் திட்டத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு ஜூன் 1 முதல் ரேஷனில் அரிசியும் விலையில்லாமல் கிடைத்தது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ரேஷன் புழுங்கல் அரிசி சோற்றுக்கு ஆகாவிட்டாலும் இட்லிக்கு நன்றாக வரும் என்பது தமிழ்நாட்டுப் பெண்கள் எல்லாரும் அறிந்த விஷயம். அரிசியும் வந்தது, அரைக்கும் கல்லும் வந்தது. தீபாவளிக்குத் தீபாவளி இட்லி பார்த்த குடிசையிலும் அது அன்றாடமானது. 2013-இல் சென்னையில் அம்மா உணவகம் 1 ரூபாய்க்கு இட்லி போட்டபோது அந்த மாற்றம் முழுமையடைந்தது.

இலவசம் என்று இளக்காரமாகப் பேசியவர்களை நான் கேட்டிருக்கிறேன். அவர்களில் மாவாட்டித் தோள் வலித்தவர் யாரும் இருந்ததாக நினைவில்லை. அந்தக் கிரைண்டர்களில் சில சீக்கிரமே பழுதானதும் உண்மை, அந்த ஆண்டுகளின் மின்வெட்டில் பாதி அரைத்த மாவோடு பெண்கள் காத்துக் கிடந்ததும் உண்மை. இருந்தாலும், அரசின் பணம் நேரே ஒரு பெண்ணின் தோளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று நான் சொல்லக்கூடிய திட்டங்கள் மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று.

மூன்றாம் தலைமுறையில் வேறு கதை. என் அக்கா மகள் வீட்டில் கிரைண்டர் இருக்கிறது, மேடையில் உறைபோட்டு. மாவு தெருமுனைக் கடையிலிருந்து பாக்கெட்டில் வருகிறது. 2005-இல் பெங்களூருவில் முஸ்தபா என்பவரும் அவருடைய உறவினர்களும் தொடங்கிய 'ஐடி ஃப்ரெஷ்' என்ற உணவு நிறுவனம் மாவுப் பாக்கெட்டைப் பெரிய வியாபாரமாக்கிக் காட்டியது. ஆனால் நம் தெருக்கடையில் பெயரில்லாமல் முடிச்சுப் போட்டுத் தொங்கும் பாக்கெட்டுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் பக்கத்துத் தெருவில் இருபது, நாற்பது லிட்டர் டில்டிங் கிரைண்டர் ஓட்டும் ஒரு குடும்பம்தான். படிக்கு இவ்வளவு என்று கூலிக்கு அரைத்த அதே வீடு இன்று கிலோவுக்கு இவ்வளவு என்று மாவாகவே விற்கிறது. கிரைண்டர் தெருவிலிருந்து வீட்டுக்கு வந்தது, இப்போது வீட்டிலிருந்து தெருவுக்குத் திரும்பிப் போகிறது.

இவளுக்கு மாவரைக்கக்கூடத் தெரியாது என்று அக்கா குறைப்படுவதுண்டு. எனக்கு அதில் வருத்தமில்லை. அவள் எட்டு மணி நேரம் அலுவலகத்தில் உழைக்கிறாள். அம்மிச்சி இருந்திருந்தால், முகம் சுளித்துக்கொண்டே அந்தப் பாக்கெட் மாவு இட்லியிலும் இன்னும் இரண்டு கேட்டிருப்பார்.

வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகளோடும் இந்தக் கல் போயிருக்கிறது. 110 வோல்ட்டில் ஓடும்படி அமெரிக்காவுக்கென்றே செய்கிறார்கள். அங்கே கொக்கோ விதை வாங்கித் தாங்களே சாக்லேட் செய்யும் சிறு தயாரிப்பாளர்கள், கொக்கோவை மணிக்கணக்கில் தேய்த்து மசிக்க மலிவான கருவி தேடியபோது, அவர்கள் கையில் கிடைத்ததும் இந்தக் கோவைக் கிரைண்டர்தான். அதற்கேற்ப மோட்டாரையும் உருளையையும் திருத்தி இப்போது கோவையிலேயே சாக்லேட் கிரைண்டர் செய்து ஏற்றுமதி செய்கிறார்கள். உளுந்துக்காகப் பிறந்த கல் கொக்கோவை மசிக்கிறது.

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். 1955-க்கும் 1980-க்கும் இடையில் எந்தக் கிரைண்டர் எந்த ஊருக்கு எப்படிப் போனது, எந்தப் பெண் முதலில் வாங்கினார், எதை விற்று வாங்கினார், யார் யாருக்கு அரைத்துக் கொடுத்தார் என்பதெல்லாம் இன்னும் ஆட்களின் நினைவில்தான் இருக்கிறது. அந்தப் பட்டறைகளில் கல் கொத்தியவர்களுக்கும் மோட்டார் சுற்றியவர்களுக்கும் இன்று வயது எண்பதைத் தொடுகிறது. உங்கள் வீட்டுப் பின்கட்டில் பெல்ட் போட்ட பழைய கிரைண்டர் கிடந்தால், பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் அதை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டத்தில் அடித்திருக்கும் தகட்டில் பட்டறையின் பெயரும் ஊரும் இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். வாங்கியவர் உயிரோடு இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, தேதி போட்டு எழுதி வையுங்கள்.